நான்காம் பக்கமும் முதல் பக்கமும்

டிமாய்ன், அயோவா
8 ஜூன் 1926, செவ்வாய்

ஓரீலியா அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை வந்த நம் 'தீவட்டி' பேப்பரை எடுத்து நான்காம் பக்கத்தைப் பார். நீ எழுதி அனுப்பிய ஹாக்லி ஊர்க்குறிப்புகளில், சகோதரி ப்ரஞ்சிலின் பல்வலிக்கும் டீக்கன் வீட்டில் காணாமல் போன கோழிகளுக்கும் நடுவே இப்படி இருக்கிறது: "அர்கன்சா மாநிலம் டாலிவர் கவுண்டியிலிருந்து வந்து திருமதி ஓரீலியா டிப்ஸ் இல்லத்தில் தங்கியிருக்கும் திரு. லீமன் ஹட்ஜின்ஸ் ஞாயிறு ஆராதனையில் தனிப்பாட்டு பாடினார். கனத்த குரல், கேட்டவர் கண் கலங்கினர். பிறகு கெளுத்தி மீன் விருந்திலும் கலந்துகொண்டார்."

அக்கா, உன் வீட்டுக்கு நான் அனுப்பியது ராய் பார்க்ஸ் என்ற ஆளை. சுரங்கத்தில் வேலை பிடித்துக் கொடு, ஒரு அறை கொடு, ஆளைப் பற்றி யாரிடமும் பேசாதே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இந்தப் பெயர் உனக்கு எங்கே கிடைத்தது?

இனி மறைத்துப் பயனில்லை. டாலிவரில் ஒரு பண்ணைக் கண்காணி ஏர்க்கட்டையால் ஏமஸ் ஹட்ஜின்ஸ் என்ற பையனை அடித்தான். அண்ணன் லீமன் குறுக்கே போய்க் கட்டையைப் பிடுங்கித் திருப்பி அடித்தார். கண்காணிக்கு ஒரு கண் போயிற்று. லீமன் தப்பிவிட்டார். அவர் கிடைக்காததால் ஏமஸைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஏப்ரல் பதினேழாம் தேதி பட்டப்பகலில் ஒரு கும்பல் அவனைச் சிறையிலிருந்து இழுத்து வந்து வாசலிலேயே கொன்றது. அதைத்தான் ஏப்ரல் முப்பது இதழில் முதல் பக்கத்தில் போட்டேன். மே மாதம் ஒரு ரயில் சிப்பந்தி லீமனை என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

மாநில மாளிகையில் தரை துடைக்கும் மிஸ்டர் கோவன் இன்று காலை வந்து சொன்னார்: டாலிவர் ஷெரிஃபிடமிருந்து நம் கவர்னருக்குத் தந்தி வந்திருக்கிறது. ஆளைப் பிடித்து ஒப்படைக்க வேண்டுமாம். ஆதாரம், என் பேப்பரின் நான்காம் பக்கம். தெற்கே நாவிதர் கடைகளுக்கெல்லாம் நம் பேப்பர் போகிறது என்று மேடைக்கு மேடை பெருமை பேசினேனே, அதில் ஒன்று அவன் கைக்கும் போயிருக்கிறது.

லீமன் தெற்கே போனால் கோர்ட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டார். கம்பெனிக் கடை டெலிபோனில் பேசினால் ஊரே கேட்கும், அதனால் எழுதுகிறேன். இது கிடைத்த கையோடு அவரை என்னிடம் அனுப்பு.

வெர்டெல்

*

ஹாக்லி
9 ஜூன்

வெர்டி,

உன் கடிதம் மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தது. அவரைப் பத்து மணிக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

இரண்டு பேர் வந்தார்கள், நம் கவுண்டி போலீஸ் ஆட்கள்தான். "மிஸஸ் டிப்ஸ் வீடு எது?" என்று தெருவெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நான் மாவுக் கையோடு கதவைத் திறந்தேன். அப்புறம் சுரங்கத்துக்குப் போனார்கள். கூண்டு மேலே வந்ததும் உன் அத்தான் ஆர்லஸ் பக்கத்தில் நின்றவரைப் பிடித்துக் கையில் விலங்கு மாட்டினார்களாம். "என் பேரு ராய் பார்க்ஸ்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். அவருடைய சாப்பாட்டு வாளியை ஆர்லஸ் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் நான் வைத்த சோளரொட்டி அப்படியே இருக்கிறது.

இப்போது உன்னிடம் சில கேள்விகள். நீ பெரிய வக்கீல், பத்திரிகை ஆசிரியர், சங்கத் தலைவி, எல்லாம் சரி. உன் பேப்பரில் மொத்தமே நான்கு பக்கம். அச்சுக்குப் போகுமுன் அந்த நாலாவது பக்கத்தைப் படிக்க உனக்கு நேரமில்லையா? ஹாக்லி அக்கா எழுதுவதுதானே, கோழியும் பல்வலியும்தானே என்று அப்படியே தள்ளிவிட்டாயா?

ஒருத்தர் பெயரும் விடக்கூடாது என்று எங்களுக்குச் சொன்னது யார்? போன வருஷம் சபைக் கூடத்தில் நின்றுகொண்டு, "வெள்ளைக்காரன் பேப்பர்ல நம்ம பேரு வரணும்னா நாம கைதாகணும். நம்ம பேப்பர்லயாவது ஒருத்தருக்குப் பல்லு வலிச்சாக்கூடப் பேரு வரட்டும்" என்று நீதான் கை தட்டல் வாங்கினாய். பன்னிரண்டு ஊரிலிருந்து பன்னிரண்டு பெண்கள் உனக்கு வாராவாரம் எழுதுகிறோம். சம்பளம் கேட்டோமா?

வேட்டையாடப்படுகிற ஆள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோறு போட மட்டும் அக்கா வேண்டும், உண்மை சொல்ல வேண்டாம், அப்படித்தானே?

அவரை எப்படியாவது மீட்டுக்கொண்டு வா. பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

ஓரீலியா

*

டிமாய்ன்
11 ஜூன்

அக்கா,

நேற்று சிறையில் அவரைப் பார்த்தேன். அடிக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என் தொப்பி நன்றாக இருக்கிறது என்றார்.

நான்காம் பக்கத்தை நான் படிக்கவில்லை. நீ கேட்டதற்குப் பதில் அதுதான். அன்று மாலை குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்து வீடுகளை இடிக்கக்கூடாது என்று ஊர்வலம் இருந்தது. பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

இப்போது வழக்கு எங்கே நிற்கிறது என்றால்: ஷெரிஃப் தன் வக்கீலோடு வருகிறான். கவர்னர் முன்னால் விசாரணை நடக்கும். பிடித்து வைத்திருக்கும் ஆள்தான் லீமன் ஹட்ஜின்ஸ் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும். ஷெரிஃப் அவரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்த கண்காணி படுத்த படுக்கையாக இருக்கிறான், வரமாட்டான். தாளில் எழுதியிருக்கும் அடையாளம், 'கறுப்பன், முப்பது வயது, நடுத்தர உயரம்'. உன் சபைப் பாடகர் குழுவில் பாதிப்பேர் அதுதான். பத்து வயது குறைத்தால் ஆர்லஸ் அத்தானும் அதுதான்.

ஆகவே அவர்களிடம் இருப்பது என் பேப்பர் மட்டும். நான்கு வரி.

அந்தப் பெயர் உனக்கு எப்படித் தெரிந்தது? யோசித்துச் சொல். இல்லை, என்னிடம் சொல்லாதே. எனக்குத் தெரிந்துவிட்டால் தெரியாததுபோல் நான் வாதாட முடியாது. அக்கா, எனக்கே குழப்பமாக இருக்கிறது. சொல்லிவிடு. தெரியாமல் அந்த அறைக்குள் போக எனக்குப் பயம்.

வெர்டி

*

ஹாக்லி
12 ஜூன்

வெர்டி,

சொல்கிறேன். போன கடிதத்தில் கோபத்துக்குள்ளே இதை மறைத்தேன்.

அவர் வந்த மூன்றாவது வாரம், சாப்பாட்டு மேசையில் 'தீவட்டி' கிடந்தது. "இது நம்மாளுங்க பேப்பருங்களா?" என்றார். ஆமாம், என் தங்கச்சி பேப்பர் என்றேன். ஏப்ரல் இதழ் இருக்கிறதா என்று கேட்டார். அலமாரியில் விரித்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். தனக்குப் படிப்பு வராது, வாசித்துக் காட்டுங்கள் என்றார். முதல் பக்கத்தை வாசித்தேன். ஏமஸ் ஹட்ஜின்ஸ் என்ற பெயர் வந்ததும் விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என் தம்பிங்க" என்றார்.

அழவில்லை. தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "அம்மா வச்ச என் பேரு லீமன். அதையும் அச்சுல ஒரு தடவ பாக்கணும். உசுரோட இருக்கும்போதே" என்றார். வேண்டாமே, ஆபத்தில்லையா என்று கேட்டேன். "நம்ம பேப்பரை வெள்ளைக்காரன் எங்கங்க படிக்கப் போறான்?" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. நம் சபையில் என்ன பாடுகிறோம், நம் வீட்டில் என்ன தின்கிறோம் என்று இத்தனை வருஷத்தில் அவர்களில் ஒருத்தர் எட்டிப் பார்த்திருக்கிறார்களா? அதனால் எழுதினேன். வெள்ளிக்கிழமை அவருக்குக் காட்டினேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆகவே தெரியாமல் செய்தது இல்லை. தெரிந்தே எழுதினேன். ராத்தூக்கம் போய்விட்டது.

ஆனால் வழி இருக்கிறது. நான் வந்து சத்தியம் செய்கிறேன். என் வீட்டிலிருந்தவர் ராய் பார்க்ஸ். ஏப்ரல் இதழில் படித்த பெயர் மனதில் ஓடியது, குறிப்பு கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று நானே அந்தப் பெயரையும் ஊரையும் போட்டுவிட்டேன் என்று சொல்கிறேன். பைத்தியக்காரக் கிழவி என்று சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு நாற்பத்தொன்றுதான், இருந்தாலும் பரவாயில்லை.

ஓரீலியா

*

டிமாய்ன்
14 ஜூன்

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ சொன்ன வழி செல்லாது.

பொய் என்று எனக்குத் தெரிந்த சாட்சியத்தை நான் கவர்னர் முன் வைத்தால் என் உரிமத்தைப் பிடுங்குவார்கள். அது போனால் போகட்டும் என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தேன். இந்த மாநிலத்தில் கறுப்புப் பெண் வக்கீல்களை எண்ண ஒரு கை விரல் வேண்டாம், நான் போனால் சந்தோஷப்படுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது காரணமில்லை.

நீ சொல்லி முடித்ததும் அவர்கள் வக்கீல் என் பக்கம் திரும்புவான். "அப்போ உங்க பேப்பர்ல கற்பனையும் போடுவீங்க?" என்பான். நான் ஆமாம் என்றாக வேண்டும். அந்த நிமிடத்தோடு ஏமஸ் செத்த செய்தி கற்பனையாகிவிடும். அவனுக்கு முன்னால் இப்படிக் கும்பல் கையில் செத்த எட்டுப் பேர் செய்தியும் கற்பனையாகிவிடும். அந்தச் செய்திகளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியவர்கள் பொய்யர்களாவார்கள். தெற்கே நடப்பதை வேறு எந்தப் பேப்பரும் எழுதுவதில்லை. நாம் எழுதியதும் பொய் என்று ஒரு கவர்னர் மேசையில் பதிவானால், அடுத்த முறை எவனுக்கும் பயமிருக்காது.

இன்னொன்று. ஷெரிஃப் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறான். ஏமஸ் செத்த அன்று தான் பக்கத்துக் கவுண்டிக்குப் போயிருந்ததாகவும், தான் இருக்கும்வரை கைதிக்கு ஒரு கீறலும் விழாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதைப் பொய் என்று சொல்ல என்னிடம் இருப்பதும் என் பேப்பர்தான்.

உண்மை பேசினால் லீமனை எப்படிக் காப்பாற்றுவாய் என்று நீ கேட்பாய். அந்தப் பதிலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெர்டி

*

ஹாக்லி
15 ஜூன்

வெர்டெல் பெட்டிஃபோர்டுக்கு,

பேப்பரைக் காப்பாற்ற ஆளைக் கொடுக்கப் போகிறாய். சுற்றி வளைத்து நீ எழுதிய இரண்டு பக்கத்துக்கும் இதுதான் அர்த்தம்.

செத்த எட்டுப் பேரும் செத்துப் போனவர்கள். இவர் என் வீட்டில் தட்டு கழுவி வைத்தவர். சபையில் பாடினவர். அவர் குரலைக் கேட்டிருந்தால் நீ இப்படிச் சட்டம் பேச மாட்டாய்.

என் பொய்க்கு நான் கர்த்தரிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன்னை யாரும் அனுமதி கேட்கவில்லை. நீ கூப்பிடாவிட்டாலும் நானே அந்த அறையில் எழுந்து நின்று சொல்வேன். ஆர்லஸும் சுரங்கத்து ஆட்கள் நாற்பது பேரும் என்னோடு வருகிறார்கள். விசாரணை என்றைக்கு? வெள்ளிக்கிழமை பேப்பரில் தேதியைப் பெரிய எழுத்தில் போடு.

ஓரீலியா டிப்ஸ்

*

டிமாய்ன்
17 ஜூன்

அக்கா,

விசாரணை 24ஆம் தேதி, வியாழன், காலை பத்து மணி. முதல் ரயிலில் வந்தால் போதும்.

வெர்டி

*

ஹாக்லி
20 ஜூன், ஞாயிறு

வெர்டி,

இன்று சபையில் அவர் பெயரைச் சொல்லாமல் ஜெபித்தோம். எல்லோருக்கும் யாரென்று தெரியும்.

அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு ரயில் கார்டு கையில் கொடுத்தனுப்புகிறேன். கழுத்துப் பட்டன் ஒன்று ஆர்லஸ் சட்டையிலிருந்து எடுத்தது. கவர்னர் முன்னால் அவர் மனிதனாக நிற்க வேண்டும்.

கண்ணாடி முன் நின்று பொய் சொல்லிப் பழகுகிறேன். சொல்லும்போதெல்லாம் காது சுடுகிறது. நேற்று ஆர்லஸ் வக்கீல் மாதிரி நின்று, "அம்மா, உங்க வீட்ல இருந்தவர் யாரு?" என்று கேட்டார். நான் "லீமன்" என்றுவிட்டேன். இருவரும் சிரித்தோம். பிறகு கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன். நான் உளறி, என்னாலேயே அவர் இரண்டாம் முறை மாட்டிக்கொண்டால் என்ன செய்வேன்?

வெள்ளிக்கிழமை பேப்பரை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். விசாரணைத் தேதி எங்கேயும் இல்லையே. மறந்துவிட்டாயா?

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் சரியாகச் சாப்பிடு. நீ பதற்றத்தில் காப்பியிலேயே உயிர் வாழ்கிறவள்.

ஓரீலியா

*

டிமாய்ன்
22 ஜூன், செவ்வாய், மாலை

அக்கா,

ரயிலுக்குக் கிளம்பாதே. விசாரணை இன்று காலையே முடிந்துவிட்டது.

நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுமுன் மீதியையும் படித்துவிடு. லீமன் விடுதலை. என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். உன் கஞ்சிச் சட்டையில்தான் இருக்கிறார்.

தேதியை நான் வேண்டுமென்றே மாற்றி எழுதினேன். பேப்பரில் பொய் போடமாட்டேன் என்று உனக்கு இரண்டு பக்கம் பாடம் நடத்திவிட்டு, உனக்கு எழுதிய கடிதத்தில் பொய் எழுதினேன். பேப்பரில் தேதியைப் போடாமல் விட்டதும் பொய்தான். நீ வந்திருந்தால் எழுந்து நின்றிருப்பாய். நின்றிருந்தால் உன்னைத் தடுக்க என்னால் முடிந்திருக்காது, தடுக்க மனமும் வந்திருக்காது. நாற்பது பேரின் ஒரு நாள் கூலியைப் பற்றியல்ல, பொய் சொல்லி நிற்கும் உன் முகத்தைப் பற்றித்தான் யோசித்தேன். நீ மன்னிக்காவிட்டாலும் சரி.

நடந்ததைச் சொல்கிறேன். நம் மாதர் சங்கப் பெண்கள் பின்வரிசைகளை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஷெரிஃப் பெரிய ஆள், வியர்த்துக்கொண்டே இருந்தான். அவன் வக்கீல் நான்காம் பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இது உங்க பேப்பர்தானே?"

"ஆமா."

"இதுல இருக்கறது உண்மையா, பொய்யா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

லீமன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா, அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பொய் என்று ஒரு வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. உன்னைத் திட்டினேனே, நீ பழகிய அதே பொய்.

"உண்மை" என்றேன். பின்வரிசையில் யாரோ "ஐயோ கர்த்தாவே" என்றார்கள். வக்கீல் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டான். கவர்னர் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்கு மதியச் சாப்பாட்டு அவசரம்.

ஷெரிஃபிடம் ஒரு கேள்வி கேட்க அனுமதி கேட்டேன். கொடுத்தார்.

"ஐயா, என் பேப்பரை நம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ரொம்ப நன்றி. அப்போ இதே பேப்பரோட முதல் பக்கத்தையும் நம்புவீங்கதானே?" என்று ஏப்ரல் இதழை எடுத்து வாசித்தேன். சிறை வாசலில் இருபது பேர் கொண்ட கும்பல் ஏமஸை இழுத்து வந்ததையும், ஷெரிஃப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் வாசித்தேன். என் திட்டமெல்லாம் இவ்வளவுதான்: நம்புகிறேன் என்றால் அவன் மாட்டுவான், நம்பவில்லை என்றால் நான்காம் பக்கமும் அவன் கையை விட்டுப் போகும். அவன் எதையாவது மழுப்பிவிட்டால் லீமன் தொலைந்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

அவன் முகம் சிவந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"சுத்தப் புளுகு! இந்தப் பொம்பள வாய்க்கு வந்தத எழுதுறா. இருபது பேராம்! பதினொரு பேருக்கு மேல ஒருத்தன்கூட இல்ல அங்க. நான் எண்ணிட்டுத்தானே நின்னேன்!"

அவன் வக்கீல் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தான். கவர்னர் பேனாவைக் கீழே வைத்தார். மேசையிலிருந்த பிரமாணப் பத்திரத்தை எடுத்து மெதுவாகப் படித்தார். "ஷெரிஃப், அன்னிக்கு நீங்க ஊர்லயே இல்லைன்னு இதுல எழுதியிருக்கே" என்றார்.

அதற்குப் பிறகு கால் மணி நேரம் அந்த வக்கீல் என்னென்னவோ பேசினான். பதினொன்றே முக்காலுக்குக் கவர்னர், ஒரு கைதியைக் கும்பலிடம் விட்டவனிடம் இன்னொருவரை ஒப்படைக்க முடியாது என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். பெண்கள் யாரும் கத்தவில்லை. எழுந்து வரிசையாக வெளியே போய், படிக்கட்டில் இறங்கிய பிறகுதான் அழ ஆரம்பித்தார்கள்.

என் பேப்பரில் வருவதெல்லாம் உண்மை என்று உன்னிடம் மார்தட்டினேன். முதல் பக்கத்தில் தப்பு இருந்திருக்கிறது. அந்தத் தப்புதான் அவரைக் காப்பாற்றியது. நான் சரியாகப் பதினொன்று என்று போட்டிருந்தால் அந்த ஷெரிஃப் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இதை யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்கிறேன்.

தப்பு தப்புதான். வெள்ளிக்கிழமை இதழுக்கு என் கையாலேயே எழுத்துக் கோத்தேன்: "திருத்தம். ஏமஸ் ஹட்ஜின்ஸைக் கொன்ற கும்பலில் இருபது பேர் இருந்ததாக ஏப்ரல் 30 இதழில் வெளியிட்டோம். பதினொரு பேர் என்று டாலிவர் கவுண்டி ஷெரிஃப் நேரில் பார்த்துச் சாட்சி கூறியுள்ளார். பிழைக்கு வருந்துகிறோம்."

மை காயுமுன் லீமனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். நான் சிரித்தபடிதான் வாசித்தேன், அக்கா. வெற்றி மயக்கம்.

அவர் சிரிக்கவில்லை. பதினொன்று என்ற இடத்தைக் காட்டச் சொன்னார். விரலை வைத்துக் காட்டினேன்.

"இத்தனை நாளும் இருபது பேருன்னு நெனச்சு மனச ஆத்திக்கிட்டேம்மா," என்றார். "பதினொரு பேருதானா? நான் பக்கத்துல இருந்திருந்தா நாங்க ரெண்டு பேருமாச் சமாளிச்சிருப்போமே."

இன்னும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். இது கிடைத்ததும் அடுத்த ரயிலில் நீ வா. ஆர்லஸையும் அழைத்துக்கொண்டு வா.

வெர்டி